எண்ணுக்குப் பின்னால் நிற்கும் பதம்

கொள்முதல் ஆணையில் "7075 அலுமினியம், 50 மிமீ பிளேட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பாதி வரி. 7075 என்ற எண், அந்த உலோகத்துக்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும்: 5.1 முதல் 6.1 விழுக்காடு துத்தநாகம், 2.1 முதல் 2.9 மக்னீசியம், 1.2 முதல் 2 செம்பு, 0.2 அளவுக்குக் குரோமியம், மிச்சம் பெரும்பாலும் அலுமினியம். அரிசி இத்தனை படி, உளுந்து இத்தனை ஆழாக்கு என்று சொன்னால் தட்டில் வரப்போவது இட்லியா தோசையா என்று தெரிந்துவிடுமா?

இதே 7075-ஐ முழுக்க இளக்கிய 'ஓ' நிலையில் இழுத்தால் சுமார் 230 மெகா பாஸ்கல் (இழுவையை அளக்கும் அலகு) இழுவையிலேயே அறுந்துவிடும். டி6 நிலையில் 570 வரை தாங்கும். டி73 நிலையில் 505 அளவில் நிற்கும். மூன்றுக்கும் ரசாயன அறிக்கை ஒன்றுதான். கையில் பிடித்துப் பார்க்கும் எக்ஸ்ரே பகுப்பாய்வுக் கருவியை வைத்தால் மூன்றையும் 7075 என்றே காட்டும். வேறுபாடு முழுவதும் எண்ணுக்குப் பின்னால் சிறு கோடு போட்டு எழுதும் அந்த எழுத்திலும் இலக்கத்திலும் இருக்கிறது. பட்டறையில் அதை டெம்பர் என்கிறோம். நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் இருக்கிறது: பதம். பாகுக்குச் சொல்வோமே, அதே பதம். விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் போகும் அலுமினியத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் கலவையில் நடப்பதில்லை, பதத்தில் நடக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

எஃகில் பழகிய கைக்கு அலுமினியம் முதலில் குழப்பம் தரும். கொல்லர் பட்டறையில் அரிவாளைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அந்த நொடியே அது விறைத்துவிடும். அலுமினியக் கலவையில் நடப்பது நேர்மாறு. உலையிலிருந்து எடுத்துத் தண்ணீரில் தோய்த்த உடனேதான் அது இளக்கமாக இருக்கும், வளைத்தால் வளையும். பிறகு சும்மா மேசைமேல் கிடக்கும்போதே மணிக்கு மணி கடினமாகிக்கொண்டே போகும்.

இதை முதலில் கண்டவர் ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரெட் வில்ம். 1906-இல் பெர்லினுக்கு அருகே நாய்பாபெல்ஸ்பெர்க்கில், செம்பும் சிறிது மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தோய்த்துக் கடினம் அளந்துகொண்டிருந்தார். வார இறுதிக்கு முன் அளந்த அதே துண்டை விடுமுறை கழித்து மறுபடி அளந்தால் எண் ஏறியிருந்தது. இந்தக் கலவைதான் பிறகு டியூராலுமின் என்ற பெயரில் செப்பலின் ஆகாயக் கப்பல்களின் எலும்புக்கூடு ஆனது. ஏன் ஏறுகிறது என்பதற்கு முதல் சரியான விளக்கம் 1919-இல்தான் வந்தது. உள்ளே நடப்பதை எக்ஸ்ரே மூலம் காட்ட 1938 ஆயிற்று. பிரான்சில் கினியேயும் பிரிட்டனில் பிரஸ்டனும் தனித்தனியாக அதைக் கண்டார்கள். பொருள் வானத்தில் பறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது.

அந்தக் காரணத்தைப் பனங்கற்கண்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சூடான பதநீர்ப் பாகு நிறையச் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதை அசையாமல் நாள்கணக்கில் வைத்தால் நூலில் பெரிய பெரிய கட்டிகளாகப் படியும். அலுமினியமும் 480 டிகிரி செல்சியஸில் நிறையத் துத்தநாகத்தையும் மக்னீசியத்தையும் செம்பையும் தனக்குள் கரைத்துக்கொள்ளும். மெதுவாக ஆறவிட்டால் அவை பெரிய கட்டிகளாகப் பிரிந்துவிடும். உலோகம் இளகிக் கிடக்கும். 'ஓ' நிலை என்பது இதுதான். சட்டென்று குளிரவைத்தால் பிரிய நேரமில்லாமல் எல்லாம் கரைந்தபடியே உள்ளே சிறைப்பட்டு நிற்கும். பிறகு 120 டிகிரி மாதிரி மிதமான சூட்டில் வைத்தால், கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாத அளவில், நானோ மீட்டர் கணக்கில், கோடானுகோடி நுண்துகள்களாகப் பிரியும்.

உலோகம் வளைவது என்றால் உள்ளே அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவது. அடுக்கு முழுதும் ஒரே நேரத்தில் நழுவாது. தரையில் விரித்த பெரிய ஜமக்காளத்தை இழுத்து நகர்த்துவது கடினம். ஒரு ஓரத்தில் மடிப்பு உண்டாக்கித் தள்ளிக்கொண்டே போனால் நகர்ந்துவிடும். அந்த மடிப்பு போன்ற ஒன்றுதான் உலோகத்துக்குள்ளும் ஓடுகிறது. ஜமக்காளத்துக்கு அடியில் நெருக்கமாகப் பொடிக்கற்கள் கிடந்தால் மடிப்பு ஓடாது, சிக்கும். நுண்துகள்கள் செய்வது இதையே. கற்கள் பெரிதாகி எண்ணிக்கை குறைந்து ஒன்றுக்கொன்று தள்ளிப்போனால் மடிப்பு அவற்றைச் சுற்றிக்கொண்டு போய்விடும். மிகைப்பதம் என்பது அதுதான். உலை, தோய்ச்சல், முதிர்ச்சி (தோய்த்த பிறகு துகள்கள் பிரிந்து கடினமாகும்படி வைத்திருப்பது) என்று மூன்று கட்டங்களிலும் செய்யும் எல்லாம் இந்தத் துகள்களின் அளவையும் இடைவெளியையும் கட்டுப்படுத்தத்தான்.

உலையிலிருந்து தொடங்குவோம். கரைக்கும் வெப்பநிலைக்கு மேலேயும் சுவர் இருக்கிறது, கீழேயும் சுவர் இருக்கிறது, நடுவில் சந்து மிகக் குறுகல். 2024 என்ற எண் கொண்ட, செம்பு மிகுந்த கலவைக்கு 488 முதல் 499 டிகிரி. 500-ஐத் தாண்டிய சில டிகிரியிலேயே குருணைகளின் (உலோகத்துக்குள் நெருங்கி நிற்கும் நுண்படிகங்களின்) எல்லையில் இருக்கும் செம்பு மிகுந்த பகுதிகள் உருகத் தொடங்கிவிடும். ஜாப், அதாவது வேலைக்கு எடுத்த துண்டு, உருகி வழியாது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. உள்ளே எல்லைக்கோடுகளில் உருகி உறைந்த ரோஜா வடிவப் புள்ளிகள் மட்டும் இருக்கும். துண்டை அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். திரும்பச் சூடாக்கினாலும் சரியாகாது; அந்த ஜாப் குப்பைக்குத்தான். மறுபக்கம் 15 டிகிரி குறைத்துவிட்டால் செம்பு முழுதாகக் கரையாது. பிறகு எவ்வளவு கவனமாக முதிர வைத்தாலும் வலிமை எட்டாது. 7075-க்குச் சந்து சற்று அகலம். 465 முதல் 480-க்குள் வேலை நடக்கும்.

ஆகவே உலையின் முகப்பில் மின்னும் ஒற்றை எண்ணை நம்பக் கூடாது. உலைக்குள் எல்லா மூலைகளும் ஒன்றுக்கொன்று கூடக் குறைய 6 டிகிரிக்குள் நிற்கின்றனவா என்று பல வெப்ப இணைகளை (தெர்மோகப்பிள் என்னும் வெப்பமானிகளை) தொங்கவிட்டுக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்க வேண்டும். நேரக் கணக்கும் அப்படித்தான். 12 மிமீ தடிமனுக்குக் காற்று உலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது பொது வழக்கு. அந்த ஒரு மணி நேரம், சுவிட்ச் போட்டதிலிருந்து ஓடுவதில்லை. மிகவும் பின்தங்கிய வெப்ப இணை கீழ் எல்லையைத் தொட்டதிலிருந்து ஓடுகிறது. கூடையில் ஜாப்களை நெருக்கி அடுக்கினால் நடுவில் இருப்பது கடைசியாகச் சூடேறும். வெளி வரிசையைப் பார்த்துக் கணக்கை முடித்தால் நடு வரிசை அரைவேக்காடு.

உலைக்குள் ஈரம் இருந்தால் இன்னொரு கேடு. நீராவி சூடான அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடுவிக்கும். அது உள்ளே ஊடுருவிச் சிறு வெற்றிடங்களில் சேர்ந்து மேற்பரப்பில் கொப்புளமாக எழும்பும். எண்ணெய் நீக்கிக் கழுவிய ஜாப்களைச் சரியாக உலர்த்தாமல் நேரே உலைக்குள் தள்ளுவதும், தோய்ச்சல் தொட்டியின் ஆவி உலைக்குள் ஏறும்படி விடுவதும்தான் பெரும்பாலும் காரணம்.

அடுத்தது தோய்ச்சல். இங்கே கடிகாரம் நிமிடத்தில் ஓடாது, நொடியில் ஓடும். விமானத் தொழிலில் பின்பற்றப்படும் ஏஎம்எஸ் 2770 தரநிலை, உலைக்கும் தண்ணீருக்கும் இடையே அனுமதிக்கும் நேரம் இது: 0.4 மிமீ வரையுள்ள ஷீட்டுக்கு 5 நொடி, 0.8 வரை 7 நொடி, ஏறத்தாழ 2.3 வரை 10 நொடி, அதற்கு மேல் 15 நொடி. கதவு திறக்கத் தொடங்கும் கணத்தில் எண்ணிக்கை தொடங்குகிறது. ஜாபின் கடைசி மூலை தண்ணீருக்குள் மூழ்கியதும் முடிகிறது. மெல்லிய ஷீட்டுக்குத்தான் நேரம் குறைவு, ஏனென்றால் அதுதான் காற்றிலேயே சட்டென்று ஆறும். கையில் கொக்கி வைத்துக் கூடையை இழுத்து, கிரேனில் மாட்டி, நாலடி நகர்த்தித் தொட்டியில் இறக்கும் ஏற்பாட்டில் 0.5 மிமீ ஷீட்டைச் சரியாகத் தோய்க்கவே முடியாது. அடிப்பக்கம் திறந்து கூடை நேரே தொட்டிக்குள் விழும் உலைகள் இதற்காகத்தான் கட்டப்படுகின்றன. மெல்லிய ஷீட் வேலை எடுக்கும் முன் ஒரு பட்டறை முதலில் பார்க்க வேண்டியது உலையின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைத்தான்.

ஆறும்போது மிக ஆபத்தான பகுதி 400-க்கும் 290 டிகிரிக்கும் நடுவே. அங்கே துகள்கள் பிரியும் வேகம் மிக அதிகம். அந்த இடைவெளியை மெதுவாகக் கடந்தால் குருணை எல்லைகளில் பெரிய துகள்கள் கோர்வையாகப் படிந்துவிடும். வலிமை குறையும், அதைவிட மோசம், அரிப்பு எல்லைக்கோடுகள் வழியாக உள்ளே போகப் பாதை போட்டாயிற்று. கடினச் சோதனையில் இது தப்பிவிடலாம், உப்புக் காற்றில் தப்பாது.

தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டி சிறியதாக இருந்து, காலையில் முதல் கூடைக்குச் சரியாக இருந்த தண்ணீர் மதியம் நான்காவது கூடைக்குச் சூடாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. சென்னை வெயிலில் சொல்லவே வேண்டாம். ஜாபைச் சுற்றி நீராவிப் போர்வை உருவாகிக் குளிர்ச்சியைத் தடுக்கும் என்பதால் தண்ணீர் ஓட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஷீட்களுக்கு நடுவே தண்ணீர் போகாது. இடைவெளிவிட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். ஷீட் கோணிக்கொள்வது பெரிய தொல்லையானால் கிளைக்கால் கலந்த பாலிமர்க் கரைசலில் தோய்க்கலாம். தடித்த ஃபோர்ஜிங்குக்கு (அடித்து உருவாக்கிய பாகத்துக்கு) 60, 70 டிகிரி வெந்நீரிலேயே தோய்ப்பதும் உண்டு. அங்கே கொஞ்சம் வலிமையை விட்டுக்கொடுத்து உள் இறுக்கத்தைக் குறைக்கிறோம் என்று தெரிந்தே செய்கிறோம்.

தோய்ச்சலுக்கும் முதிர்ச்சிக்கும் நடுவே இருக்கும் அந்த இளகிய நேரம் ஷீட்டை வளைக்கவும் தட்டி நேராக்கவும் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. 2024-இல் அது ஒரு மணிக்கும் குறைவு. நேரத்தை நீட்ட வேண்டுமென்றால் குளிர்ப்பெட்டிதான் வழி. மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே வைத்தால் அணுக்கள் நகராது, முதிர்ச்சி தள்ளிப்போகும். விமானப் பராமரிப்பில் ஐஸ்பாக்ஸ் ரிவெட் என்று ஒன்று இருப்பதன் காரணம் இதுதான். 2024 ரிவெட்டைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து 10 முதல் 20 நிமிடத்துக்குள் அடித்துவிட வேண்டும். 2017 ரிவெட்டுக்கு ஒரு மணி நேரம். தலையில் இரண்டு எழும்பிய கோடு இருந்தால் 2024, ஒரு எழும்பிய புள்ளி இருந்தால் 2017, நடுவில் குழி இருந்தால் 2117. இந்த மூன்றாவதற்கு மட்டும் குளிர்ப்பெட்டி தேவையில்லை, வந்தபடியே அடிக்கலாம். நேரம் தாண்டிய 2024 ரிவெட்டை வலுக்கட்டாயமாக அடித்தால் வால் பகுதி விரிசல் விடும். அதை மறுபடி குளிர்ப்பெட்டியில் போட்டாலும் இளகாது. திரும்ப உலைக்கு அனுப்பித் தோய்க்க வேண்டும்.

2024 அறை வெப்பத்திலேயே நான்கு நாளில், அதாவது 96 மணி நேரத்தில், பெரும்பாலும் முதிர்ந்து நிலைத்துவிடும். டி3, டி4 என்று எழுதுவது இந்த இயற்கை முதிர்ச்சியைத்தான். 7075 அப்படி நிலைக்காது; ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அதை அடுப்பில்தான் முதிர வைக்க வேண்டும். டி6 பதத்துக்கு 120 டிகிரியில் 24 மணி நேரம். அதிக வலிமை தரும் புள்ளி அது. 1936-இல் ஜப்பானின் சுமிதோமோ நிறுவனம் இந்த வகைக் கலவையை உருவாக்கி ஜீரோ போர் விமானத்தின் முதன்மைச் சட்டத்துக்குக் கொடுத்தது. அமெரிக்காவில் ஆல்கோவா 1943-இல் 7075-ஐக் கொண்டுவந்தது. இவ்வளவு லேசான பொருளில் இவ்வளவு வலிமை அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. எல்லாரும் டி6-ஐயே எல்லாவற்றுக்கும் போட்டார்கள்.

கேடு பிறகுதான் தெரிந்தது. பிளேட்டை உருளையில் கொடுத்து உருட்டும்போது குருணைகள் எல்லாம் தட்டையாகி, அடுக்கிவைத்த பனையோலை போல ஆகிவிடும். நீளவாக்கில் இழுத்தால் ஓலைகள் தாங்கும். தடிமன்வாக்கில், அதாவது ஓலைகளைப் பிரிக்கும் திசையில் இழுத்தால், எல்லைக்கோடுகள்தான் சுமையை ஏற்கின்றன. அந்தத் திசையில் நிலையான இழுவை, கூடவே ஈரக்காற்றும் உப்பும். அவ்வளவு போதும். யாரும் தொடாமலே மாதங்கள் கழித்து ஒரு நாள் விரிசல் திறந்துகொள்ளும். அழுத்த அரிப்பு விரிசல் என்று இதற்குப் பெயர். 7075-டி6 தடிமன் திசையில் தாங்கக்கூடியதாக எடுத்துக்கொள்ளும் நிலையான இழுவை ஏறத்தாழ 50 மெகா பாஸ்கல்தான். 500 மெகா பாஸ்கலுக்குப் பக்கத்தில்தான் நிரந்தரமாக நீளத் தொடங்கும் ஒரு பொருளுக்கு 50! 7079-டி6 என்ற கலவை இந்தக் காரணத்தாலேயே பெயர் கெட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.

இந்த 50 மெகா பாஸ்கல் பறக்கும்போதுதான் வரும் என்று நினைத்தால் தவறு. பட்டறையிலேயே வந்துவிடும். தடித்த காதுத் துளையில் எஃகு புஷ்ஷை (துளைக்குள் செருகும் குழாய்த் துண்டை) இறுக்கமாக அழுத்திப் பொருத்தினால் துளையின் சுற்றளவில் நிரந்தர இழுவை தங்கிவிடுகிறது. இரண்டு பாகங்களுக்கு நடுவே அரை மிமீ இடைவெளி இருக்கும்போது ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைக்காமல் போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்த்தாலும் அப்படித்தான். அசெம்பிளியில் இருப்பவருக்கு அது "கொஞ்சம் டைட்டாகப் போச்சு" என்ற அளவுதான். உலோகத்துக்கு அது இரவும் பகலும் விடாத சுமை.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஜிஎஸ்எல்வி-டி5 புறப்பட 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவது தெரிந்து கவுண்ட்டவுன் நிறுத்தப்பட்டது. அந்தத் தொட்டி ஆஃப்நார் (பிரெஞ்சுத் தரநிலை) 7020 என்ற கலவையால் ஆனது. துத்தநாகமும் மக்னீசியமும் சேர்ந்த, அதே 7 வரிசைக் குடும்பம். பற்றவைக்க எளிது என்பது அதன் நல்ல குணம். நாளாக ஆக விரிசல் விடக்கூடியது என்பது கெட்ட குணம். இஸ்ரோ இரண்டாம் கட்டத்தையே மாற்றி, தொட்டியை 2219 கலவைக்குக் கொண்டுபோனது. 2014 ஜனவரி 5 அன்று அதே ஜிஎஸ்எல்வி-டி5 வெற்றிகரமாகப் பறந்தது. 2219-இல் 6 விழுக்காடு அளவுக்குச் செம்பு. 7075 மாதிரி வலிமை கிடையாது. ஆனால் பற்றவைப்புக்கு இணங்கும், அழுத்த அரிப்புக்கு அசையாது, கடுங்குளிரில் இன்னும் உறுதியாகும். சாட்டர்ன்-5 ராக்கெட்டின் முதல் கட்டத் தொட்டிகளும் இதே 2219-தான். வலிமைப் பட்டியலில் முதலிடம் பிடித்த கலவையைத் தேடுகிற இளம் பொறியாளர்கள் இந்தத் தேர்வின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும்.

2219-இன் பதம் பெரும்பாலும் டி8 வரிசை. தோய்த்த பிறகு, முதிர வைக்கும் முன், உலோகத்தைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்து நீட்டுகிறார்கள். டி87 என்றால் 7 விழுக்காடு. அந்த நீட்சியில் உள்ளே ஆயிரமாயிரம் மடிப்புகள் உண்டாகும், பிறகு நுண்துகள்கள் அவற்றின்மேல் சீராக முளைக்கும். லித்தியம் கலந்த கலவைகளுக்கு இந்த நீட்சி இன்னும் முக்கியம். ஒரு விழுக்காடு லித்தியம் சேர்த்தால் அடர்த்தி சுமார் 3 விழுக்காடு குறைந்து, விறைப்பு சுமார் 6 விழுக்காடு கூடும். விண்வெளி ஓடத்தின் வெளித்தொட்டி 2219-இலிருந்து 2195 என்ற லித்தியக் கலவைக்கு மாறி 1998-இல் முதன்முதலாகப் பறந்தபோது ஏறத்தாழ 3,400 கிலோ எடை மிச்சமானது. லித்தியம் லேசு ஆக்கியது உண்மை. வலிமை வந்தது நீட்டி முதிர வைத்ததால்.

7075-க்கு வந்த மருந்தும் பதம்தான். டி73: முதலில் 107 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம், பிறகு மெதுவாக ஏற்றி 163 டிகிரியில் 24 முதல் 30 மணி நேரம். வேண்டுமென்றே உச்சத்தைத் தாண்ட விடுகிறோம். துகள்கள் சற்றுப் பெரிதாகின்றன, எல்லைக்கோடுகளில் இருப்பவை இடைவெளி விட்டு நிற்கின்றன. வலிமையில் 10 முதல் 15 விழுக்காடு போகும். பதிலுக்குத் தடிமன் திசையில் தாங்கும் நிலையான இழுவை 50-லிருந்து 300 மெகா பாஸ்கல் பக்கம் ஏறுகிறது. தடித்த பிளேட்டிலிருந்து வெட்டும் எந்தப் பாகத்துக்கும் டி6 கேட்பவரிடம் காரணம் கேட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டி6-ஐ அடுப்பில் மேலும் வைத்து டி73 ஆக்கலாம். திரும்பிப் போக வழியில்லை, மறுபடி கரைத்துத் தோய்த்தால் ஒழிய. 163 டிகிரி என்ற அந்த இரண்டாம் படியில் 10 டிகிரி கூடினால் தேவைப்படும் நேரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். அடுப்பின் ஒரு மூலை சூடாக இருந்தால் அங்கே இருந்த ஜாப்கள் தரத்தைத் தாண்டி மெலிந்துபோகும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே முழுதாகப் பொருந்தாது. கடினம் அளந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். முதிர்ச்சி உச்சத்துக்கு ஏறும் வழியில் ஒருமுறையும், இறங்கும் வழியில் ஒருமுறையும் அதே கடின எண் வரும். ராக்வெல் பி அளவில் 80 காட்டுகிற 7075 சரியான டி73-ஆகவும் இருக்கலாம், அரைகுறையாக முதிர்ந்த டி6-ஆகவும் இருக்கலாம். இரண்டாவது உயிருக்கே ஆபத்து. பிரித்துக் காட்டுவது மின்கடத்துதிறன். கரைந்த அணுக்கள் எலக்ட்ரான்களைத் தடுக்கும். அவை துகளாகப் பிரிந்து வெளியேற வெளியேற மின்சாரம் எளிதாகப் பாயும். சுழல் மின்னோட்ட மீட்டரை மேற்பரப்பில் வைத்தால் டி6-க்கு, தூய செம்பின் கடத்தலை 100 என்று கொண்டால், 33 பக்கம் காட்டும். டி73 என்றால் 38-க்குக் குறையக் கூடாது. கடினம் ராக்வெல் பி 78-க்கு மேல், கடத்துதிறன் 38-க்கு மேல். இரண்டும் சேர்ந்தால்தான் டி73. மீட்டரை அளவீட்டுத் துண்டுகளும் ஜாபும் ஒரே வெப்பத்தில் இருக்கும்போது சரிபார்க்க வேண்டும். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்துவந்த அளவீட்டுத் துண்டை வெயிலில் கிடந்த பிளேட்டோடு ஒப்பிட்டால் எண் பொய் சொல்லும்.

பதம் சரியாக வந்து சேர்ந்த பிறகும் அதைக் கெடுக்கப் பட்டறையில் பல வழிகள் உண்டு. முதலிடம் பவுடர் கோட்டிங்குக்கு. 200 டிகிரியில் 20 நிமிடம் என்பது பெயிண்ட் ஆளுக்குச் சாதாரணம். 7075-டி6 ஏறத்தாழ 205 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் தாண்டினாலே வலிமையில் 5 விழுக்காட்டுக்கு மேல் இழக்கத் தொடங்கும். 6061 என்ற இன்னொரு கலவை, டி6 பதத்தில், அரை மணி நேரம் பொறுக்கும். அதனால் சைக்கிள் பாகமோ ட்ரோன் சட்டமோ 7075 என்றால் நிறத்துக்கு அனோடைசிங்கை நாடுங்கள். 2024-டி3-இன் சிக்கல் வேறு: அதை அடுப்பில் பாதி முதிர வைத்தால் வலிமை குறையாவிட்டாலும் எல்லைக்கோட்டு அரிப்புக்கு இலக்காகிவிடும். 175 டிகிரியில் இறுகும் பசையைப் போட்டு ஒட்டப்போகிறீர்கள் என்றால் முதலிலேயே டி81 பதம் வாங்குங்கள். பற்றவைப்பு பற்றி ஒரே வரி: 7075-ஐ டிக் வெல்டிங் செய்யாதீர்கள், உறையும்போதே பிளக்கும், 6061-டி6-ஐச் செய்யலாம், ஆனால் பற்றின் இருபுறமும் 25 மிமீ வரை 276 மெகா பாஸ்கல் இளகுவலிமை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் இழுவை) 105 பக்கம் விழுந்துவிட்டது என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கடைசல், மில்லிங் பக்கம் வரும் தொல்லை உள் இறுக்கம். தோய்ச்சலில் மேற்பரப்பு முதலில் ஆறிச் சுருங்கும், நடுப்பகுதி பிறகு. வெளியே அமுக்கம், உள்ளே இழுவை என்று பிளேட் தனக்குள்ளேயே சண்டை போட்டபடி கிடக்கும். ஒரு பக்கத் தோலைச் சீவினால் சமநிலை போய் வளையும். டி651, டி7351 என்று முடியும் '51'-இன் பொருள், தோய்த்த பிறகு 1.5 முதல் 3 விழுக்காடு இழுத்து இந்த இறுக்கத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்பது. வெறும் டி6 பிளேட்டை வாங்கி, 90 விழுக்காட்டைச் சீவி எடுக்கும் விமான விலா எலும்பைச் செய்யப் புகுந்தால் வைஸிலிருந்து கழற்றும் நொடியில் அது வில்லாக எழும்பும். ஃபோர்ஜிங்கை இழுக்க முடியாது, அமுக்குவார்கள், அது '52'. '51' பிளேட்டிலும் முறை முக்கியம். இருபுறமும் சம ஆழத்துக்கு ரஃபிங் செய்து, எல்லாப் பக்கமும் 2 அல்லது 3 மிமீ விட்டு, பிடியைத் தளர்த்தி, ஜாபைத் தன் போக்கில் வளையவிட்டு, அந்த வளைந்த நிலையிலேயே அடியில் ஷிம் கொடுத்து அமுக்காமல் பிடித்து ஒரு முகத்தைச் சமன் செய்து, பிறகுதான் ஃபினிஷிங். வளைந்ததைக் கிளாம்ப் போட்டுத் தட்டையாக்கி முடித்தால், கழற்றியதும் வளைவு திரும்பி வரும்.

இப்போது முதல் வரிக்கு வருவோம். "7075 அலுமினியம், 50 மிமீ பிளேட்" என்பதற்குப் பதில், "7075-டி7351 பிளேட், 50 மிமீ, ஏஎம்எஸ் 4078, ஆலைச் சோதனைச் சான்றிதழில் கடத்துதிறன் எண்ணும் இருக்க வேண்டும்" என்று எழுதுங்கள். ட்ராயிங்கில் உருட்டிய திசைக்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். புஷ் துளையின் இழுவை தடிமன் திசையில் விழாதபடி ஜாபை எப்படி வெட்டுவது என்று அறுக்கிறவருக்கு அது ஒன்றுதான் சொல்லும். பிளேட் வந்ததும் மேலே மையில் அச்சான எழுத்துகளைப் பாருங்கள்: கலவை, பதம், ஹீட் எண் (எந்த உருக்குத் தொகுதியிலிருந்து வந்தது என்பதன் அடையாளம்). அறுக்கும்போது எப்போதும் எழுத்து இல்லாத முனையிலிருந்து தொடங்குங்கள். மிஞ்சும் துண்டில் எழுத்து இல்லையென்றால், அறுப்பதற்கு முன்பே பெயிண்ட் மார்க்கரால் அதே வரியை அதன்மேல் எழுதிவிடுங்கள். எழுத்தை இழந்த துண்டு ரேக்கில் நிற்கக் கூடாது. கடினமும் கடத்துதிறனும் அளந்து மறுபடி பெயரிடும் வரை அதைச் சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள்.